எலிசபெத்தின் வலக்கண்

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் விடுதியில் காலமெல்லாம் சமையல் செய்தவள் எலிசபெத். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கென்று இருந்தது ஒரே மகன் சத்தியநேசன். கைக்குழந்தையாய் இருந்தபோது வந்த மூளைக்காய்ச்சல் அவன் காதைக் கொண்டுபோய்விட்டது. காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் கொண்டுபோய் விட்டாள். அவன் அழுத அழுகையில் முதல் வருஷமே திரும்பக் கூட்டிவரும்படி ஆயிற்று. தன் பெயரை எழுதுவான், அவ்வளவுதான் படிப்பு.

அதனால் தாயும் பிள்ளையும் தங்களுக்கென்று ஒரு பாஷையை உண்டாக்கிக்கொண்டார்கள். பாதி கை, பாதி முகம். புருவம் ஏறினால் கேள்வி, உதடு பிதுங்கினால் கோபம். அவள் பேசுவதை அவன் வாயசைவிலேயே புரிந்துகொள்வான். அவன் சொல்வது அவள் ஒருத்திக்குத்தான் விளங்கும். பக்கத்துத் தெருவில் இருந்த தங்கை ஞானசுந்தரிக்குக்கூட ‘சாப்பிட்டியா’, ‘அம்மா எங்க’ என்பதற்கு மேல் போகாது. சத்தியநேசன் வளர்ந்து மாவு மில்லில் வேலைக்குச் சேர்ந்தான். சாயங்காலம் தலையெல்லாம் மாவோடு வந்து, அன்றைக்கு மில்லுக்கு யார் வந்தார்கள், யாரோடு யார் சண்டை போட்டார்கள் என்று கையால் சொல்லித் தீர்ப்பான். எலிசபெத் வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டில் அவளுக்கு இடக்கண் போயிற்று. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கண்ணில் ஒரு குறையும் தெரியாது. பார்க்கிற இடத்தின் நடுவில் மட்டும் ஓர் அழிந்த பொட்டு. விழித்திரையின் மையத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது, இதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அப்போது அது உண்மைதான்.

நாலைந்து வருஷம் கழித்து வலக்கண்ணிலும் அதே பொட்டு வந்தது. முதலில் கதவு நிலை வளைந்து தெரிந்தது. பிறகு மகனுடைய வாய் காணாமல் போயிற்று. வாயைப் பார்த்தால் வாய் இல்லை, காதைப் பார்த்தால் வாய் கலங்கலாக வந்தது. ஒன்றும் செய்ய முடியாது என்று ஏற்கனவே கேட்டவள்தானே, யாரிடமும் சொல்லாமல் ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டாள். சோற்றில் உப்பென்று சீனியைப் போட்ட அன்றுதான் ஞானசுந்தரி அவளை ஜங்ஷன் பக்கம் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“இப்ப இதுக்கு ஆபரேஷன் வந்திருக்கும்மா,” என்றார் டாக்டர். “உங்க ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து மெஷின்ல சுத்துவோம். காயத்தை ஆத்துத பிளேட்லெட் அணு மட்டும் தனியாப் பிரியும். அதுல ஒரு சொட்டை ஓட்டை மேல விடுவோம். அது இருந்த இடத்துல இருக்கணும்னா கண்ணுக்குள்ள ஒரு வாயுவை அடைக்கணும். வாயு மேல பாத்துத்தானே ஏறும்? ஓட்டை கண்ணுக்குப் பின்பக்கம் இருக்கு, அதனால நீங்க ரெண்டு வாரம் குப்புறவே கிடக்கணும்.”

“பார்வை வந்துருமா டாக்டர்?”

“ஓட்டை மூட நல்ல வாய்ப்பு இருக்கு. பார்வையைப் பத்தி உறுதியாச் சொல்ல மாட்டேன். நாளைக் கடத்திட்டீங்களே.”

எலிசபெத்தின் மனசில் நின்றது முதல் பாதிதான்.

ஆபரேஷன் முடிந்து வீட்டில் குப்புறக் கிடந்தாள். கட்டில் ஓரத்தில் தலையணை, அதில் நெற்றி, பார்வை தரையில். கழுத்து இற்றுவிடும்போல் வலித்தது. கஞ்சியை உறிஞ்சிக் குடித்தாள். எழுந்து நடந்தாலும் குனிந்த தலை நிமிரவில்லை. அவள் முகம் கீழே போனதால் சத்தியநேசனுக்கு அவள் வாயசைவும் இல்லாமல் போயிற்று. கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒருநாள் தரையில் மல்லாக்கப் படுத்து, தலையை அவள் முகத்துக்கு நேர்கீழே நகர்த்திக் கொண்டுவந்தான். கையை உயர்த்தி என்னவோ சொன்னான். இடக்கண்ணின் நடுவில் ஒன்றும் இல்லை. வலக்கண்ணில் வாயு. ஆற்றுக்கு அடியில் எதுவோ அசைவதுபோல இருந்தது அவளுக்கு.

“தெரியலய்யா,” என்றாள். “பொறு. இன்னும் கொஞ்ச நாள். ஓட்டை அடஞ்சிட்டா ஒம் மொகத்தப் பாத்துருவேன்.”

அவன் அதைப் படித்துக்கொண்டான். தினமும் வந்து அப்படியே கிடந்தான்.

வாயு கரைந்த பிறகு டாக்டர் பரிசோதித்தார். அவர் முகம் மலர்ந்ததை ஞானசுந்தரி பார்த்தாள். “ஓட்டை அழகா மூடிருச்சும்மா! தழும்புகூட இல்ல.”

“எனக்கு ஒண்ணும் தெரியலயே டாக்டர்.”

அவர் எழுத்துப் பலகையைக் காட்டினார். மேல் எழுத்து ஒன்றைத்தான் சொன்னாள். அதையும் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். சில மாதம் பார்க்கலாம் என்றார் அவர், குரல் இறங்கிவிட்டது. சில மாதமும் போயிற்று. பொட்டு சற்றுச் சுருங்கியது, கதவு நிலை நேரானது. மகனுடைய முகமோ வெள்ளைத்துணியில் நனைந்த சாயம் மாதிரியே நின்றது.

ஒரு சாயங்காலம் சத்தியநேசன் வேலை முடியுமுன்னே வீட்டுக்கு வந்தான். அவளுக்கு எதிரே உட்கார்ந்து கையை அசைக்கத் தொடங்கினான். மில் என்பதற்காக அவன் கைமுட்டியைச் சுழற்றுவது மட்டும் பிடிபட்டது. மற்றவை ஒன்றன்மேல் ஒன்று ஓடின. வெகுநேரம் சொன்னான். இடையில் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறானா சிரிக்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. நல்லதோ கெட்டதோ, புரியவில்லை என்று சொன்னால் மனசு ஒடிந்துபோவான் என்று நினைத்துத் தலையாட்டினாள்.

கை நின்றது. அவன் அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான். என்னவோ கேட்டான். அவள் அதற்கும் தலையாட்டினாள்.

அவள் வெறுமனே தலையாட்டுகிறாள் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. தாடையிலிருந்து அவன் விரல்கள் பைய விலகின. எழுந்து போய்விட்டான்.

மறுநாள் அவள் தங்கையிடம் கெஞ்சினாள். “ஏட்டி ஞானம், என்னமோ சொன்னாம்ட்டி. மில்லுல போய்க் கேட்டுட்டு வா.”

ஞானசுந்தரி போய்க் கேட்டாள். “இங்கன ஒரு விசேஷமும் இல்லையே, வழக்கம்போலத்தான வேலை செய்யுதான்,” என்றார் மில் முதலாளி தில்லைநாயகம் அண்ணாச்சி. சத்தியநேசனிடமே கேட்கலாம் என்றால், அவன் சொன்னாலும் ஞானசுந்தரிக்குப் புரியாது. அவனும் சொல்லவில்லை.

“எய்யா, அன்னைக்கு என்னய்யா சொன்ன? இன்னொருக்கச் சொல்லு, பைய சொல்லு,” என்று எலிசபெத் அவனைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் வாயசைவு அவனுக்குத் தெளிவாகவே தெரிந்தது. அவன் அவள் கையை எடுத்துச் சோற்றுத் தட்டின்மேல் வைத்தான். சாப்பிடு, படு, வெளியே போகிறேன், இவ்வளவையும் தொட்டே சொல்லப் பழகிக்கொண்டான். அதற்கு மேல் அவன் அவளிடம் எதுவும் சொன்னதில்லை.