கயிற்றுக் கிளிப்பும் விமான இறக்கையும்

உங்கள் வீட்டுக்குள் நீங்கள் ஒரு விமானம் செய்தால், அதைத் தூக்கி எறியச் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது?

ருமானா யாங்கோன் நகரின் பபேடான் பகுதியில், மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை பார்ப்பவர். எங்கள் கட்டடத்தின் முதல் மாடியில் தனியாகக் குடியிருக்கிறார். பெட்டி பெட்டியாக வந்த மரத் துண்டுகளை இணைத்து, ஒருவர் மட்டும் உட்காரும் சின்ன விமானம் செய்துவருகிறார். உடல் முடிந்துவிட்டது. இறக்கைதான் பாக்கி. பறக்க அனுமதி கிடைக்குமா என்று கேட்டால், "மொதல்ல முழுசா நிக்கட்டும்ங்க" என்பார்.

இறக்கைக்குள் விலா எலும்புபோல் வளைந்த சட்டங்கள் உண்டு. மெல்லிய மரக் கீற்றுகளைப் பசை தடவி வளைத்து, இறுகும்வரை கவ்விப் பிடிக்க வேண்டும். அத்தனை கவ்விக்கு எங்கே போவது? யாங்கோன்காரருக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை ஒன்று அவருக்குத் தோன்றியது. இங்கே ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும். அதன் நுனியில் பெரிய கிளிப். பத்திரிகையோ பலகாரமோ, கீழே நிற்பவர் மாட்டிவிட்டால் மேலே இழுத்துக்கொள்ளலாம்.

காலையில் தருவதாகச் சொல்லி எல்லா மாடிகளிலும் கிளிப்புகளை வாங்கிவந்தார். தப்புக் கணக்கு. வெளியே ஓயாத மழை, உள்ளே மின்விசிறி சுற்ற மின்சாரம் இல்லை. விடிந்த பிறகும் பசை பிசுபிசுத்தது.

காலைப் பலகாரமான மொஹிங்கா விற்பவள் கீழேயிருந்து குரல் கொடுத்தாள். நாலாம் மாடி டோ காளியம்மா (டோ, மா, ஊ எல்லாம் பெயருக்கு முன் சேர்க்கும் பர்மிய மரியாதைச் சொற்கள்) பையைக் கயிற்றில் முடிச்சுப் போடச் சொன்னார். பாதி வழியில் முடிச்சு அவிழ்ந்து, மீன் குழம்பும் நூடுல்ஸும் நடைபாதையில் கொட்டின. அடுத்த நிமிடம் அவர் ருமானா வீட்டில் நின்றார்.

"மா ருமானா, என் கிளிப்பக் குடு! உன் றெக்கைக்காக நான் பட்டினி கெடக்கணுமா?"

"பசை இன்னும் காயல அத்தை. சாயந்தரம் வரைக்கும்…"

"மழையில பசை காயாதுன்னு தெரியல, நீ ப்ளேன் ஓட்டப் போறியா?"

பிடுங்கினார். பின்னாலேயே வந்த மற்றவர்களும் பிடுங்கினார்கள். கீற்றுகள் படபடவென்று விரிந்தன. ருமானா இரு கைகளாலும் ஒரே ஒரு சட்டத்தை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

காளியம்மாவின் கோபம் நியாயம், பசித்தவர் கோபம். அடுத்த நாள் ருமானா மன்னிப்புக் கேட்டார், அவரும் சமாதானமானார். விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் தரைத்தளத்துக் கடைக்காரர் ஊ பழனியப்பன் ஞாயிற்றுக்கிழமை கட்டடக் கூட்டத்துக்கு எல்லாரையும் அழைத்திருக்கிறார். "வீட்டுக்குள்ள றெக்கை இருந்தா குடும்பத்துக்கு ஆகாது. யாராச்சும் வந்து விசாரிச்சா நாமதான் பதில் சொல்லணும். வெளிய போடச் சொல்லுங்க."

ஆகாது என்று எந்த அறிவு சொன்னது? அவருடைய ஜெனரேட்டர் பொது நடைபாதையை அடைத்துக்கொண்டு நம் ஜன்னல்களுக்குள் புகையை ஊதுகிறது. அது மட்டும் எல்லாருக்கும் ஆகுமாம்! அதிலிருந்து நம் விளக்குக்கு ஒரு வயர் வருகிறது, அதனால் இருமிக்கொண்டே சிரிக்கிறோம். சத்தமில்லாத மரம் மட்டும் நமக்கு ஆபத்தாகத் தெரிகிறது.

கட்டடத்து மக்களே, மாடிப்படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "பாவம் அந்தப் பொண்ணு" என்று கிசுகிசுக்கிறீர்கள். அந்தக் கிசுகிசு இறக்கையின் ஒரு மரச் சட்டத்தையும் காப்பாற்றாது. ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டத்துக்கு வாருங்கள். பழனியப்பன் முகத்தைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்: அது அவள் வீடு.