கிரேன்காரர் வாங்கிய பம்ப்

துறைமுகத்தில் பாதி ஆயுள் கிரேன் ஓட்டியவரை எல்லோரும் கிரேன்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆகாயத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் அவர் ஒருவர் மட்டும். கீழே இருப்பவர்கள் கையசைப்பார்கள், இவர் லீவரை அசைப்பார். வாயைத் திறந்து யாரிடமும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கூண்டைவிட்டு மனிதர் முழுசாக இறங்கினார் என்று சொல்வதற்கில்லை. மனைவி இருந்தவரை அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் பேச்சைச் சுமந்துகொண்டிருந்தவள் அவள்தான்.

அவள் போன மறுவருஷம் வாதம் வந்து அவருக்கு வலது கை விழுந்துவிட்டது. குளிப்பாட்டும் வேலை மகன் தலையில் வந்து விடிந்தது. ஆபீசுக்குக் கிளம்பும் முன் அப்பாவை ஸ்டூலில் உட்காரவைத்து, தண்ணீர் ஊற்றி, முதுகு தேய்த்துவிடுவான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இவருக்குத்தான் அவமானம் பிடுங்கித் தின்றது. பெற்ற பிள்ளை முன்னால் அம்மணமாக உட்கார்ந்திருப்பதற்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

ஷவர் இருந்தால் தானே குளித்துக்கொள்ளலாம். ஷவர் இருக்கத்தான் இருந்தது. ஆனால் குடியிருப்பது மேல்மாடி, தொட்டி கூரைக்கு நேர் மேலே, அதனால் தண்ணீருக்கு வேகமே இல்லை. சோப்பு போட்டால் அது கரைவதற்குள் உடம்பிலேயே காய்ந்துவிடும்.

பம்ப் வைத்துவிடலாம் என்றார் பிளம்பர். சுவருக்குள் இருப்பது பழைய இரும்புக் குழாய், ரொம்ப வேகம் தாங்காது, சின்னப் பம்பே போதும் என்றும் சொன்னார். கிரேன்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்து டன் சரக்கென்றால் பதினைந்து டன் தூக்கும் கிரேனைக் கேட்டு வாங்கியே பழகியவர். கடையில் இருப்பதிலேயே பெரிய பம்ப்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். கிரேன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் இரும்புக் கயிற்றைச் சோதிக்காமல் ஏறமாட்டார்கள். அது மட்டும் அவருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

ஸ்விட்சைப் போட்டார்கள். ஷவரில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு கொட்டியது. கிரேன்காரர் முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது. அது அடங்குவதற்குள் சுவருக்குள் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. டைல்ஸ் இடுக்கில் துரு நிறத்தில் தண்ணீர் வழிந்தது. கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டு அம்மா படியேறி வந்து, படுக்கையறைக் கூரை ஒழுகுகிறது என்று மெதுவாகச் சொன்னார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று கிரேன்காரருக்கு இருந்தது.

சுவரை உடைத்துப் பார்த்தால் எல்லாக் குழாயும் உள்ளே துருவேறி இற்றுப்போயிருந்தது. குழாய் முழுக்கப் புதுசு. உடைத்த டைல்ஸ் நிறம் எந்தக் கடையிலும் இல்லை, அதனால் டைல்ஸும் புதுசு. இந்த அழுத்தத்தை ஹீட்டர் தாங்காது என்று அதற்கொரு வால்வு. கீழ்வீட்டுக் கூரைக்குப் பூச்சு, பெயிண்ட். கிரேன்காரரின் சேமிப்பு கரைந்து, மகன் ஆபீசில் கடன் போடும்படி ஆயிற்று.

"பெருசுதான் வேணும்னு நின்னது நான்தானேடா. நாலு வார்த்தை திட்டேன்," என்றார்.

"திட்டி என்னப்பா ஆகப்போகுது? துண்டை எடுத்துக்கங்க, மேல போலாம்," என்றான் மகன்.

குளியலறை தயாராகும்வரை மொட்டை மாடியில், தொட்டியின் மறைவில்தான் குளியல். அங்கிருந்து பார்த்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். அவற்றைப் பார்ப்பதற்காகவே அவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டார். அவ்வளவு உயரத்தில் பயமாக இருக்காதா என்று மகன் ஒரு நாள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டான். காற்றடித்தால் கூண்டு ஆடும், பயம்தான், உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை என்றார். மறுநாள் மகன் அம்மாவைப் பற்றி ஏதோ ஆரம்பித்தான். பேச்சு வளர்ந்தது. வாளித் தண்ணீர் தீர்ந்தும் இரண்டு பேரும் கிளம்பவில்லை. அவன் ஆபீசுக்குத் தாமதமாகப் போகத் தொடங்கினான்.

வேலை முடிந்தது. அன்று காலை கிரேன்காரர் தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஸ்டூலில் உட்கார்ந்து இடது கையால் ஷவரைத் திருகினார். தலையிலும் தோளிலும் தண்ணீர் அடித்துக் கொட்டியது. குழாய் தாங்கியது. இதற்காகத்தான் இத்தனை பாடு. கண்ணை மூட வேண்டிய அவசியமே இல்லை. வெளியே மகன் ஷூ மாட்டும் சத்தம் கேட்டது. இனி அவன் சீக்கிரமே கிளம்பிவிடலாம்.

"எல்லாம் சரியா இருக்காப்பா? முதுகு எட்டுதா?" என்று கதவுக்கு வெளியிலிருந்து கேட்டான்.

இடது கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பார்த்தார். எட்டியது.

"எட்டலடா. கொஞ்சம் வந்துட்டுப் போ," என்றார்.