சாயம் இறங்கும் நேரம்

கோப்பை விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. என் வலது கை அதை விட்டுவிட்டது மட்டும் தெரியவில்லை. மனைவி ஞானம் குசினியிலிருந்து ஓடிவந்தாள்.

"என்ன செய்யுது உங்களுக்கு?"

ஒன்றுமில்லை, கை வழுக்கிவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தேத்தண்ணி எங்கை?" என்றேன்.

"இப்பதானே தந்தனான். கீழை ஊத்திக் கிடக்குது, பாருங்கோ."

அதுவல்ல என்று தலையசைத்து மறுபடியும் முயன்றேன். "தேத்தண்ணி எங்கை?" என் வாய் ஒரு பக்கம் கோணியிருப்பதை அப்போதுதான் அவள் கண்டாள். அயல்வீட்டு ஓட்டோவில் உடுவிலிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாய் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழம்பினால், சற்றுப் படுத்து எழும்பிப் பார்ப்போம் என்று யாரும் இருந்துவிடாதீர்கள்.

வந்திருந்தது பாரிசவாதம் (மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் போகாமல் தடைப்படுவது). அதனால் பேச்சிழப்பு (எண்ணம் இருந்தும் சொல் வராத நிலை). யார் என்ன கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. பெயரைக் கேட்டாலும் தேத்தண்ணி எங்கை.

"சில பேருக்கு நெடுக வாயிலை வந்த ஒரு வசனம் மட்டும் மிஞ்சும், ஐயா. மற்றதும் மெல்ல வரும்," என்றார் டொக்டர். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது குற்றச்சாட்டாகக் கேட்டது.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். ஆலயத்தில் பிரசங்கம் செய்தவன். என் ஜெபங்களைப் பலர் புகழ்ந்திருக்கிறார்கள். ஒருநாள் சொன்னதை மறுநாள் சொல்லமாட்டேன். ஒவ்வொன்றையும் புதிதாகக் கட்டுவேன். மாற்றாமல் தினமும் சொன்னது, சாய்மனைக் கதிரையிலிருந்து குசினிப் பக்கம் அனுப்பிய அந்தக் கேள்வி ஒன்றுதான். மூளை அதைத்தான் காப்பாற்றி வைத்திருந்தது.

போதகர் வந்து கட்டிலருகே நின்று ஜெபித்தார். முடிவில் என் ஆமெனுக்காகக் காத்திருந்தார்.

"தேத்தண்ணி எங்கை?"

"வந்தால் எனக்கும் ஒண்டு," என்றார் பக்கத்துக் கட்டில்காரர். வார்டே சிரித்தது. ஞானமும் சிரித்தாள். பிறகு துவாயின் நுனியால் என் கடைவாயைத் துடைத்தாள்.

வீட்டுக்கு வந்த பின், வீட்டு வேலை நடக்கும் இடத்தில் உட்கார்ந்து பேச்சைக் கேட்கும்படி பேச்சுப் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். ஞானம் ஒரு கதிரையைக் குசினிக்குள் போட்டு என்னை இருத்தினாள். இத்தனை வருட மணவாழ்வில் நான் அங்கே இருந்து பார்த்தது அதுவே முதல் தடவை.

கேத்தில் கொதித்தது. தேயிலையில் சுடுநீரை ஊற்றி மூடினாள். கண்ணை மூடாமல், கையையும் கூப்பாமல், கோப்பைகளைக் கழுவியபடியே எதையோ முணுமுணுத்தாள். காதைக் கொடுத்துக் கேட்டேன். பரமண்டல ஜெபம், கிறிஸ்தவர்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வது. ஆமென் சொன்னதும் தேயிலை வடியை எடுத்தாள்.

நான் பார்ப்பதைக் கண்டு, "என்ன முழிக்கிறியள்? இதுதான் என்ரை மணிக்கூடு. ஒருக்காச் சொல்லி முடிச்சால் சாயம் சரியா இறங்கியிருக்கும்," என்றாள்.

சில நாட்களில் சாயம் போதாது என்று நான் கோப்பையைத் தள்ளி வைத்திருக்கிறேன். அதை அவளும் நினைத்திருக்க வேண்டும்.

"நீங்கள் அங்கையிருந்து கத்தினால் நான் என்ன செய்யிறது? பாதியிலை ஆமெனைச் சொல்லிப்போட்டு வடிச்சிடுவன்."

அவள் அதைப் பகிடியாகத்தான் சொன்னாள். நான் குடித்த ஒவ்வொரு கோப்பைக்குள்ளும் ஒரு ஜெபம் இருந்திருக்கிறது. அதை இடையில் அறுத்தது என் குரல். அந்தக் குரலில் இப்போது மிஞ்சியிருந்ததும் அந்தக் கேள்விதான். அவளிடம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"தேத்தண்ணி எங்கை?"

"பொறுங்கோ, தாறன்."

அன்றுமுதல் சாயம் இறங்கும்வரை அவளோடு சேர்ந்து வாயசைத்தேன். தனியே வராத சொற்கள் அவள் குரலுடன் ஒட்டிக்கொண்டு வரத் தொடங்கின. முதலில் வந்தது 'பிதாவே'. அது வந்த அன்று அவள் வடிக்க மறந்துபோனாள்.

வலது கை இன்னும் என்னுடையதுபோல் இல்லை. மடியில் யாரோ மறந்துவிட்டுப் போன பொருளாகக் கிடக்கிறது. பேச்சில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. இதைச் சொல்லச் சொல்ல எழுதுவதும் ஞானம்தான். காலைத் தேத்தண்ணியை இப்போது நான் போடுகிறேன். அவள் கேத்திலை இறக்கி வைப்பாள். மற்றதெல்லாம் இடது கையால். என் நேரமும் அவளுடைய மணிக்கூட்டில்தான் ஓடுகிறது, ஆனால் பிந்தி ஓடுகிறது. அன்றாட ஆகாரம் கேட்கும் வரியைத் தாண்டிவிடுவேன். அடுத்த வரியில் நாக்கு நின்றுவிடும். அந்த ஒரு சொல்லைத் தேடி நிற்கும்போது சாயம் கறுத்துக்கொண்டே போகும். பாதியில் வடிக்க எனக்கு மனம் வராது.

இன்று காலையும் அப்படித்தான். ஞானம் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"கயர்க்குது. இண்டைக்கும் மன்னிப்பிலை நிண்டிட்டியளோ?"

"ஓம்," என்றேன்.

அவள் சீனி கேட்கவில்லை. கோப்பையின் அடிவரை குடித்தாள்.