வளையம் எண்ணியவரின் வலது கண்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வளையக்காரர் என்றுதான் பெயர். வளையல் வியாபாரமா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். இல்லை, பதினேழு வருடமாக மைக்ராஸ்கோப்பில் வளையம் எண்ணுகிறவர்.

இரத்தக் குழாயின் உட்சுவரில் ஓடு பதித்ததுபோல ஒட்டிக் கிடக்கும் செல்கள் சாதாரண நாட்களில் பரம சாதுக்கள். புதுக் கிளை விடு என்று உடம்பு உத்தரவு போட்டுவிட்டால், அடிப்பக்கம் குட்டிக் குட்டிக் கால்களை முளைக்கவிட்டு, அவற்றை வட்டமாக ஊன்றி, கீழே இருக்கும் சவ்வை அரித்து வழி பண்ணிவிடும். அந்த வட்டம்தான் வளையம். சாயமேற்றிய கண்ணாடித் தகட்டில் எத்தனை வளையம் என்று சொல்வது அவர் வேலை. எண்ணும்போது வலது கண் மட்டும்தான், பழக்க தோஷம்.

அந்த வருடம் நான், புதுக் குழாய் வளர்வதைத் தடுக்கும் மருந்து ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு வாரம் மருந்தின் அளவைக் கூட்டினேன். அவர் தந்த எண்ணும் குறைந்துகொண்டே வந்தது. நாற்பது, முப்பத்திரண்டு, இருபத்தைந்து. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அவரோ லென்ஸில் அழுக்கு என்று புலம்பிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, துடைச்சுத் துடைச்சு லென்ஸையே தேய்ச்சுடாதீங்க" என்று கிண்டல் வேறு செய்தேன்.

அழுக்கு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. முதல் வாரமே கற்றுக்கொடுத்துவிடுவோம். தகட்டை நகர்த்தும்போது அழுக்கும் நகர்ந்தால் அது தகட்டில். கண் வைக்கும் லென்ஸைத் திருகும்போது கூடவே சுற்றினால் அது லென்ஸில். ஒரு நாள் காலை அவர் தகட்டை நகர்த்தினார், அழுக்கு நகரவில்லை. லென்ஸைத் திருகினார், சுற்றவில்லை. இரண்டு கையையும் எடுத்துவிட்டுப் பார்வையை மட்டும் ஓரமாகத் திருப்பினார். கரும்புள்ளி பின்னாலேயே மிதந்து வந்தது.

நேராக என் அறைக்கு வந்தார்.

"மேடம், அழுக்கு என் கண்ணுலதான் இருக்கு. ரெண்டு மாசமா நான் குடுத்த எண்ணிக்கையை நம்பாதீங்க."

"எப்பலேர்ந்து சந்தேகம்?"

"மூணு வாரமா. சோதிச்சுப் பாக்கப் பயமா இருந்துச்சு. வேற வேலை எனக்குத் தெரியாது மேடம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வெடுக்கென்று எதையோ சொல்லியும்விட்டேன். பிறகு எல்லாத் தகட்டையும் எடுத்து நானே எண்ணினேன். நாற்பத்தொன்று, முப்பத்தொன்பது, நாற்பது. மருந்து ஒன்றையும் கிழிக்கவில்லை. எண் ஏறியிருந்தால் அன்றைக்கே திரும்ப எண்ணச் சொல்லியிருப்பேன். இறங்கியதால் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நான்தான் அவரைக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். பத்து வருடமாக அவருக்குச் சர்க்கரை. டாக்டர் விழித்திரையின் படத்தைத் திரையில் போட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"உள்ள ரத்த ஓட்டம் குறைஞ்சுபோச்சு. அதை ஈடுகட்டப் புதுசா குழாய் வளருது. ரொம்ப மெலிசு, அதான் கசியுது. அந்த ரத்தம்தான் உங்களுக்குக் கரும்புள்ளியாத் தெரியுது. மேல வளராம இருக்க ஊசி போடணும். ஆறு இடத்துல வளர்ந்திருக்கு."

அவர் முதல்தடவை கேட்கிறவர்போலத் தலையாட்டினார். பிறகு எழுந்து, வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, திரையருகே போய் நின்றார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏழு, டாக்டர். இந்தப் பழைய குழாய்க்கு அடியில ஒண்ணு ஒளிஞ்சிருக்கு."

டாக்டர் படத்தைப் பெரிதாக்கினார். சீட்டில் ஆறை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினார்.

வெளியே பெஞ்சில் ஊசிக்குக் காத்திருக்கும்போதுதான் கேட்டார்.

"எனக்கு வேலை இருக்கா மேடம்?"

"இடது கண்ணால எண்ணுங்க. பக்கத்துல உக்காந்து நானும் எண்ணுறேன். ரெண்டு பேர் கணக்கும் ஒத்துவந்தாதான் எழுதுவோம்."

"ஒத்துவரலைன்னா?"

"என்னோடதை அடிச்சுடலாம்ணே."

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நர்ஸ் வந்து இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தார்.