அருளையாவின் தொண்டை மருந்து

பலேர்மோவில் எங்கள் தமிழ்க் கோவிலில் பதினொரு வருடமாகப் பெரிய வெள்ளியன்று இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் என்ற ஒப்பாரியைப் பாடுகிறவர் அருளையா. கால்சாப் பகுதியில் ஒரு வயதான இத்தாலிய அம்மாவை, சிஞ்ஞோராவை, பராமரிப்பது அவருடைய வேலை. சிஞ்ஞோரா முன்பு டொக்டராக இருந்தவர். அருளையா அவருக்கு நேரம் தவறாமல் மருந்து கொடுப்பார். தன் நோய்க்கு அவரிடம் மருந்து கேட்கமாட்டார்.

இந்தத் தவக்காலத்தில் பாடகர் குழுவில் ஒன்பது பேருக்கும் தொண்டை நோ. அருளையா ஸ்ரேசனுக்குக் கிட்ட உள்ள சீனக் கடையில் ஒரு மூலிகைத் தூள் வாங்கிவந்தார். பெட்டி முழுக்கச் சீன எழுத்து.

"வாசிச்சு விளங்கினால் அது மருந்தில்லை, விளம்பரம்" என்றார்.

சுடுதண்ணீரில் கரைத்துத் தந்தார். அந்தக் கசப்பைப் பாவப் பரிகாரமாக ஒப்புக்கொடுத்து நானும் குடித்தேன். ஒரு கிழமையில் ஏழு பேருக்குச் சுகம். மூன்று வேளையும் குடித்த அருளையாவுக்கு மட்டும் மாறவில்லை.

ஏழு பேரின் கதையைச் சிஞ்ஞோராவிடம் சொன்னார்.

"குடிக்காத ஆளுக்கு எத்தனை நாளில் மாறியது?" என்று அவர் கேட்டார்.

குழுவில் குடிக்காதவர் வலன்ரைன் ஒருவர்தான். அருளையாவுக்கு முடியாவிட்டால் பசாம் பாட வேண்டியவர். அருளையா அவரிடமே போனார்.

"நீர் ஒண்டும் குடிக்கேல்லையோ?"

"தண்ணி குடிச்சனான், அண்ணை."

"என்ன தண்ணி?"

"பைப்புத் தண்ணி. ஒரு கிழமையிலை மாறீற்றுது."

அருளையா யோசித்தார். "நீர் எனக்குப் பக்கத்திலை நிண்டு பாடினனீர். தூளின்ரை மணம் பட்டிருக்கும்."

"அப்ப குடிச்ச உங்களுக்கு ஏன் மாறேல்லை?"

"நான் கொடுக்கிற ஆள். எனக்குக் கடைசியாத்தான் கேக்கும்."

சிஞ்ஞோரா அவரை வாயைத் திறக்கச் சொல்லி ரோர்ச் அடித்துப் பார்த்தார். "சீழ் பிடித்திருக்கிறது. டொக்டரிடம் போய் அன்ரிபயோற்றிக் எடு. இன்றே தொடங்கினால் வெள்ளிக்கிழமை பாடலாம்."

அருளையா போகவில்லை. மனைவி அற்புதமலர் கெஞ்சினார்.

"இப்ப குளிசை போட்டுச் சுகம் வந்தால், தூளுக்கு ஆர் சாட்சி?" என்றார் அருளையா. அதைச் சொல்லவே குரல் பாதிதான் வந்தது.

பெரிய வெள்ளியன்று வலன்ரைன் பாடினார். நன்றாகவே பாடினார். முன்வாங்கில் இருந்து அருளையா சத்தமில்லாமல் ஒவ்வொரு அடிக்கும் வாயசைத்தார். கண் கலங்கியிருந்தது. எங்களுக்கும்தான்.

உயிர்ப்புப் பெருநாள் கழிந்த செவ்வாய் அற்புதமலர் அவரை டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் குரல் வந்தது.

ஆண்டவருக்குத் தோத்திரம். ஆனால் அந்தக் குளிசைகளை அவர் விழுங்கியது தூள் கரைத்த தண்ணீரோடு. மணம் பிடித்த வலன்ரைனோடு சேர்த்து, இப்போது அருளையாவிடம் ஒன்பது சாட்சி.