பின்கோடுக்குள் நாலு கம்பெனி

ஸ்ரீரங்கத்தில் தேர் ஓட வேண்டுமென்றால் வீதியின் குறுக்கே ஒரு வயர் இருக்கக் கூடாது. சித்திரைத் தேருக்கு முன்பே ஆட்கள் ஏணியோடு வந்து, கேபிள், இன்டர்நெட் என்று எல்லாவற்றையும் கழற்றிச் சுருட்டி வைத்துவிடுவார்கள். அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. பெருமாளுக்கு வழிவிடாமல் இந்த ஊரில் யார் குடியிருக்க முடியும்? என் கோபமெல்லாம் தேர் நிலைக்கு வந்த பிறகு நடந்ததைப் பற்றித்தான்.

எங்கள் வீடு மேலச் சித்திரை வீதியிலிருந்து பிரியும் ஒரு முட்டுச்சந்தில் இருக்கிறது. அப்பாவும் நானும் மட்டும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. நான் தில்லை நகரில் ஓர் ஆபீசில், வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் குறிப்புகளைப் படித்து இன்சூரன்சுக்கான குறியீட்டு எண்களைப் போடும் வேலை பார்த்தேன். கெஞ்சிக் கூத்தாடி, வீட்டிலிருந்தே பார்க்க அனுமதி வாங்கியிருந்தேன். லைன் போனால் ஆபீசுக்கு வந்துவிட வேண்டும், மொபைல் நெட்டில் வேலையைத் திறக்கவே கூடாது என்பது நிபந்தனை.

முன்பெல்லாம் எங்கள் சந்துக்கு உள்ளூர் கேபிள்காரர் ஒருவர்தான் நெட் கொடுத்துக்கொண்டிருந்தார். போன் பண்ணினால் முணுமுணுத்துக்கொண்டே வந்து நிற்பார். பிறகு பெரிய கம்பெனி வந்தது. சில மாதங்களுக்கு இலவசம் என்றார்கள். சந்து மொத்தமும் மாறியது, கேபிள்காரர் கடையைக் கட்டினார். அப்புறம் இலவசம் நின்றது, கட்டணம் ஏறியது, போனை எடுப்பதும் நின்றது. ஓசியில் கொடுத்து எதிரில் இருப்பவனை ஒழித்துக்கட்டுவதற்குப் போட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்த வருடம் தேர் நிலைக்கு வந்த சாயங்காலமே வீதியெங்கும் ஏணிகள் வந்துவிட்டன. நாலு கம்பெனி ஆட்களும் முட்டி மோதிக்கொண்டு வயர் மாட்டினார்கள். ஒருத்தன் தாமதித்தால் வாடிக்கையாளர் அடுத்தவனிடம் போய்விடுவாரே! அந்தப் பெரிய கம்பெனி ஒன்று மட்டுமே இருந்த எங்கள் சந்துக்கு யாரும் வரவில்லை. நாங்கள் எங்கே ஓடிவிடப் போகிறோம்?

புகார் கொடுத்தேன். மறுநாள், புகார் தீர்க்கப்பட்டது என்று மெசேஜ் வந்தது. வயரோ சந்து முனையில் சுருட்டி வைத்தபடியே கிடந்தது. மறுபடி கூப்பிட்டேன்.

"எங்க சைடுல க்ளோஸ் ஆயிடுச்சு மேடம்" என்றாள் ஒரு பெண்.

"வயரே மாட்டல, எப்படிங்க க்ளோஸ் ஆகும்?"

"திருப்தி இல்லேன்னா நீங்க மாறிக்கலாம் மேடம். உங்க பின்கோடுல நாலு கம்பெனி இருக்கு."

மற்ற மூன்று கம்பெனிக்கும் பேசினேன். சந்தில் வீடு கம்மி, வயர் இழுத்தால் கட்டுப்படியாகாது என்று ஒரே பாட்டைப் பாடினார்கள். டில்லியில் உட்கார்ந்து விதி எழுதுகிறவர்களின் கணக்கில் நாங்கள் நாலு கம்பெனி போட்டிபோடும் ஊர்க்காரர்கள். விதிப்படி மேல்முறையீடும் செய்தேன். ஏற்கெனவே தீர்க்கப்பட்ட புகார் என்று அதையும் மூடினார்கள்.

ஆபீசில் வரச் சொன்னார்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடி அலைந்தேன், கிடைக்கவில்லை. மேனேஜர் தன்மையாகத்தான் பேசினார். வேலை போயிற்று. அதற்கப்புறம் ஒரு நாள் சாவகாசமாக வந்து வயரை மாட்டினார்கள். கனெக்‌ஷனே வேண்டாம் என்று எடுக்கச் சொல்லிவிட்டேன்.

"என்னாலதானேம்மா" என்றார் அப்பா. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கம்பெனி செய்த அநியாயத்தை என் அப்பா தன் தலையில் போட்டுக்கொண்டார்.

இந்த வருடம் சந்துக் கடைசியில் பழைய வீடு ஒன்றை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். உடனே நாலு கம்பெனி வயரும் உள்ளே வந்துவிட்டது. தேர் நிலைக்கு வந்த கொஞ்ச நேரத்திலேயே ஏணிகளும் வந்தன. மாட்டி முடித்த ஒருவர் என் வாசலில் நின்று நோட்டீஸை நீட்டினார்.

"நெட் போட்டுக்குங்க அக்கா. இன்ஸ்டலேஷன் ஃப்ரீ. ஏதாவதுன்னா ஒரு மணி நேரத்துல வந்துடுவோம்."

உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுத்தார். "நெட்டுக்காரங்களாம்மா? போட்டுக்கோயேன். ஆபீஸ்ல மறுபடியும் கேட்டுப் பாரு, குடுப்பாங்க."

"சரிப்பா" என்றேன். போன மாதமே கேட்டுவிட்டேன். வீட்டிலிருந்து வேலை என்பதையே எடுத்துவிட்டார்களாம். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.