செஞ்சிக்குப் புறப்பட்டு மரக்காணம் போனோம்

யுத்தம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால், ஒரு மாசி மாதக் கடைசியில், திண்டிவனத்தில் நடந்தது இது. நானும் என் சிநேகிதரும் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள். மூன்று நாள் லீவு வந்தது. பனி விலகி, வெயில் இன்னும் கடுக்காத நாட்கள். புங்கமரமெல்லாம் தளிர். எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. சைக்கிளில் எங்கேயாவது போவோம் என்றேன். அவரும் துள்ளினார். எங்கே என்பதில்தான் சிக்கல்.

திருவாமாத்தூர் என்றேன். வேண்டாம் என்றார். கிறிஸ்து வேதக்காரர், கோயில் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். மேல்மலையனூர்?

"அமாவாசக் கூட்டம் வாத்யாரே, நசுங்கிப் பூடுவோம்."

செஞ்சிக் கோட்டை?

"தூரம். என் சைக்கிள் செயின் தாங்காது."

பிறகு மெல்ல, "மரக்காணம் போவலாமே, எங்க அக்கா வூடு அங்கதான் கீது" என்றார். உப்பளத்தில் என்ன பார்ப்பது என்று சிரித்துவிட்டேன். பயந்தாங்கொள்ளி என்று பட்டமும் கட்டி, செஞ்சி என்று நானே முடிவு செய்தேன்.

விடிந்ததும் கிளம்பினோம். இருபுறமும் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலைப் பூவின் மஞ்சள். காற்றில் ஈரமண் வாசனை. நான் பாடிக்கொண்டே மிதித்தேன். ஆறு மைல் தாண்டி ஒரு காப்பிக் கடை வந்தது.

"நீ குடிச்சிட்டு வா வாத்யாரே, நான் சைக்கிள பாத்துக்கினு இருக்கேன்."

"இந்த டப்பாவ எவன் தூக்கிக்கினு போவப் போறான்?" என்று அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சாரு எந்தத் தெரு?" நான் வாய் திறப்பதற்குள் சிநேகிதரே சொல்லிவிட்டார். இலையிலிருந்து நாலு தலைகள் நிமிர்ந்தன. "அப்ப வெளிய நில்லுங்க, ஊத்தறேன்" என்று தாழ்வாரத்து ஆணியில் தொங்கிய நசுங்கிய தகரக் குவளையைக் காட்டினார் கடைக்காரர்.

சிநேகிதர் சேரியிலிருந்து படித்து வந்தவர் என்பது எனக்குத் தெரியாததல்ல. எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் ஒரே பானை, ஒரே குவளை. அந்தப் பானையை வைத்து ரோட்டையும் அளந்துவிட்டேன்.

காப்பி குடிக்காமல் வெளியே வந்தேன். அவரை உள்ளே இழுத்தது என் கைதானே. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

"இதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு வர்ற? லீவ பேஜார் பண்ணாத" என்றார். சற்றுத் தூரம் போய், ஒரு புங்கமர நிழலில் பையை அவிழ்த்தார். கேப்பை அடை, ஒரு பாட்டில் தண்ணீர். எல்லாம் இரண்டு பேருக்கு. வழி நெடுக என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"எப்பிடி சொல்றது? ஒனக்கு செஞ்சி மேல அவ்ளோ ஆச."

தின்று முடித்தேன். சைக்கிளைக் கிழக்கே திருப்பினேன். "அக்கா வூட்டுக்கு வழி சொல்லு" என்றேன்.

பொழுது சாய்கிற நேரம் மரக்காணம் சேர்ந்தோம். உப்புக் குவியல்கள் இளஞ்சிவப்பாக நின்றன. அக்காவுக்குத் தம்பியைப் பார்த்ததில் சிரிப்பு. என்னைப் பார்த்ததும் கலக்கம். அக்கா கண்காட்ட, அவர் வீட்டுக்காரர் அரிவாளோடு தென்னைமரத்துக்குப் போனார். சேரிக்குள் வருகிற மற்றச் சாதிக்காரனுக்கு இளநீர்தான் தருவது வழக்கம். அதற்குத் தீட்டில்லையாம்.

"அக்கா, பானைத் தண்ணி குடுங்க."

அவர் தம்பியைப் பார்த்தார். "உப்புக் கரிக்குமேங்க."

"கரிக்கட்டுங்க்கா."

மொண்டு நீட்டினார். நான் குடித்து முடிக்கிற வரைக்கும், கீழே வைத்துவிடுவேனோ என்பது போல, என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். காலிக் குவளையைக் கொடுத்ததும், "இன்னும் கொஞ்சம்?" என்றார். குரல் மாறியிருந்தது.

"ஜாக்கிரத அக்கா," என்றார் சிநேகிதர், "பள்ளிக்கூடப் பானையையே காலி பண்ற ஆளு."

செஞ்சிக் கோட்டையை அதன்பின் நான் தனியாகப் போய்ப் பார்த்தேன், அழகுதான். ஆனால் இன்றைக்கும் யாரோடு கிளம்பினாலும், கூட வருகிறவருக்குப் போகிற ஊரில் தண்ணீரை எப்படிக் கொடுப்பார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். கேட்கும்போதெல்லாம் நாக்கில் அந்த உப்பு தட்டுகிறது.